வீட்டு வீடியோக்களை டிவிடியில் ஏற்றுவது எப்படி? கொழும்பில் முதன்முறை செய்பவர்களுக்கு

கலியாண வீடு, சாமத்திய வீடு, அரங்கேற்றம் என்று எந்த வீட்டிலும் வீடியோக்கள் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. பழையவை விசிடியில், நடுவில் உள்ளவை கமராக்காரர் தந்த டிவிடியில், அண்மையவை எல்லாம் போனில். இவற்றை ஒன்றுசேர்த்து ஒழுங்காக இறுவட்டில் ஏற்றுவதற்கு நான் கடை கடையாகவும் மென்பொருள் மென்பொருளாகவும் அலைந்தேன். வேலை கடினமானதல்ல, ஒழுங்கு தெரியாததால்தான் நேரமும் காசும் போகின்றன. அந்த ஒழுங்கை இங்கே எழுதுகிறேன்.

1. எதற்காக இந்த இறுவட்டு என்பதை முதலில் முடிவெடுங்கள்

இதைத் தீர்மானிக்காமல் கணினியைத் திறக்க வேண்டாம். வரவேற்பறையில் உள்ள டிவிடி பிளேயரில் அம்மம்மா போட்டுப் பார்க்கும் இறுவட்டு ஒன்று. இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் திறக்க வேண்டிய சேமிப்பு இறுவட்டு வேறொன்று. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருப்பது முற்றிலும் வேறு.

பிளேயரில் ஓட வேண்டியது ‘டிவிடி வீடியோ’. அதற்குள் வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறை இருக்கும், அதற்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியூபி என்று முடியும் கோப்புகள் இருக்கும். படம் பெரும்பாலும் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்கும். சேமிப்புக்கு எழுதுவது ‘டேட்டா டிவிடி’. அதில் உங்கள் மூலக் கோப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே கிடக்கும்.

என்னுடைய தீர்ப்பு: இரண்டையும் செய்யுங்கள். போன் வீடியோவை டிவிடி வீடியோவாக மாற்றும்போது படத்தின் தரம் கட்டாயம் குறையும். போனில் 1920க்கு 1080 அளவில் எடுத்தது 720க்கு 576 ஆகச் சுருங்கிவிடும். அதை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்துவிட்டால் இழந்ததை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இன்னொன்று. உங்கள் டிவியிலோ பிளேயரிலோ யூஎஸ்பி துளை இருந்தால், வீட்டில் பார்ப்பதற்கு இறுவட்டே தேவைப்படாமல் போகலாம். எச்.264 என்ற சுருக்க முறையில் உள்ள எம்பி4 கோப்பு ஒன்றைப் பென்ட்ரைவில் போட்டுச் சோதித்துப் பாருங்கள். ஃபாட்32 முறையில் ஃபோர்மட் செய்த பென்ட்ரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

2. வாங்க வேண்டியவையும் செலவும்

இப்போது வரும் பெரும்பாலான லப்டொப்புகளில் டிவிடி ரைட்டர் (இறுவட்டில் எழுதும் கருவி) இல்லை. யூஎஸ்பியில் செருகும் வெளி ரைட்டர் ஒன்று வேண்டும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே நடையில் மூன்று நான்கு இடத்தில் விலை கேட்கலாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் இன்னும் மலிவாகக் கிடைக்கக்கூடும், ஆனால் உத்தரவாதத்தைக் கேட்டு வாங்குங்கள். டொலரோடு விலையும் ஏறி இறங்குவதால் நான் தொகை எழுதவில்லை. செலவு எங்கே போகிறது என்பதைச் சொல்கிறேன்.

பெரிய செலவு ரைட்டர். அது ஒரு தடவைதான். அடுத்தது வெற்று இறுவட்டுகள். 50 அடங்கிய கோபுரமாக வாங்கினால் ஒன்றின் விலை குறையும் என்றாலும் முதலில் ஐந்தோ பத்தோ வாங்கி, உங்கள் ரைட்டரும் வீட்டுப் பிளேயரும் அவற்றை ஏற்கின்றனவா என்று பார்த்த பிறகே கோபுரத்துக்குப் போங்கள். பெயரில்லாத இறுவட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மென்பொருளுக்குப் பெரிதாகச் செலவில்லை. கீழே சொல்பவற்றில் ஐஸோபஸ்டரின் சில வசதிகளுக்கு மட்டும் பணம் கேட்கும், மற்றவை இலவசம்.

பற்றுச்சீட்டில் ரைட்டரின் தொடரிலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா, கடை முத்திரை இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். உத்தரவாத அட்டை வெறுமையாக இருந்தால் திகதியை நிரப்பச் சொல்லுங்கள். பெட்டியையும் எறிய வேண்டாம், மாற்றக் கொண்டுபோனால் முதலில் கேட்பது அதைத்தான்.

இறுவட்டில் டிவிடி-ஆர் (கழித்தல் குறி), டிவிடி+ஆர் (கூட்டல் குறி) என்று இரண்டு வகை உண்டு. பழைய பிளேயர்களுக்குக் கழித்தல் குறி உள்ளதே பெரும்பாலும் ஒத்துவரும். திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வகையைச் சேமிப்புக்கு வாங்காதீர்கள், ஒத்திகை பார்க்க ஒன்று இருந்தால் நல்லது. புளூரே வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: வெற்றுப் புளூரே இறுவட்டு உற்பத்தியைப் பானசோனிக் 2023இலும் சோனி 2025 பெப்ரவரியிலும் நிறுத்திவிட்டன. இன்று புதிதாக அதில் காசு போட நான் சொல்லமாட்டேன்.

சில மெல்லிய ரைட்டர்களுக்கு ஒரு யூஎஸ்பி துளையின் மின்சாரம் போதாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றால், இறுவட்டைக் குறை சொல்வதற்கு முன் லப்டொப்பின் வேறு துளையில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகவே வேண்டாம்.

3. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எம்பி4, ஏவிஐ, எம்கேவி, எம்ஓவி என்பவை வெளி உறைகள். உள்ளே படம் எச்.264 ஆகவும் இருக்கலாம், எச்.265 ஆகவும் இருக்கலாம், பழைய எக்ஸ்விட் ஆகவும் இருக்கலாம். பிளேயர் திண்டாடுவது உள்ளே இருப்பதைப் பார்த்துத்தான். பெயரின் கடைசியில் உள்ள ஏவிஐயை அழித்து எம்பி4 என்று எழுதினால் எதுவும் மாறாது. இதைக் கடைகளிலும் செய்கிறார்கள்.

மீடியாஇன்ஃபோ என்ற சிறு மென்பொருளை நிறுவிக் கோப்பை அதில் திறவுங்கள். கோடெக் (சுருக்கிய முறை), ரெசல்யூஷன் (படத்தின் அளவு), ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம்), ஒலி வகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிரேம் ரேட்டுக்குப் பக்கத்தில் ‘வேரியபிள்’, அதாவது மாறிக்கொண்டிருப்பது, என்று இருந்தால் அடிக்கோடிடுங்கள். போனில் எடுத்தவை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஐந்தாம் படியில் அதற்குத் தனி வேலை இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவோ மச்சாளோ வட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவை அப்படியே எடுக்காதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதை மேலும் சுருக்கிவிடும். ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். 2 ஜிபி வரை மூலக் கோப்பு மாறாமல் வரும்.

4. விசிடியை முதலில் காப்பாற்றுங்கள்

உங்கள் பெட்டியில் மிக வயதானதும் மிக ஆபத்தில் இருப்பதும் இதுதான். விசிடியைக் கணினியில் போட்டால் எம்பெக்ஏவி என்ற கோப்புறையில் டாட் என்று முடியும் கோப்புகள் தெரியும். அவைதான் வீடியோ. ஹார்ட்டிஸ்க்குக்குக் கொப்பி செய்து விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் திறந்தால் ஓடும்.

கொப்பி பாதியில் பிழை காட்டி நின்றால் பயப்படாதீர்கள். விசிடியில் வீடியோ எழுதப்பட்ட பகுதிக்கு, சாதாரண டேட்டா சிடியில் இருக்கும் பிழை திருத்தும் வசதி கிடையாது. ஒரு கீறல் போதும், விண்டோஸ் கைவிட்டுவிடும். ஈரம் தொட்ட மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்து, இன்னொரு ரைட்டரில் போட்டுப் பாருங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. அதற்கும் மசியாவிட்டால் ஐஸோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள் பழுதான இடத்தைத் தாண்டி மிச்சத்தை எடுத்துத் தரும்.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி இங்கே இருக்கிறது. நம் ஊர் விசிடி 352க்கு 288 அளவில் எம்பெக்-1 முறையில் இருக்கும். டிவிடி வீடியோ விதிகள் அதே அளவையும் அதே முறையையும் ஏற்கின்றன. ஒலியை மட்டும் 44.1 கிலோஹேர்ட்ஸில் இருந்து 48க்கு மாற்றினால் போதும். படத்தைத் தொடாமல் விட்டால் தரமும் குறையாது, ஒரு டிவிடியில் ஏறக்குறைய ஏழு மணித்தியாலமும் அடங்கும். இதை 720க்கு 576 ஆகப் பெருப்பித்துத் தருகிறோம், ‘எச்டி’ ஆக்கித் தருகிறோம் என்று யாராவது கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

5. பார்க்கும் இறுவட்டுக்காக மாற்றுவது

டிவிடிஸ்டைலர் என்ற மென்பொருளையே நான் பயன்படுத்துகிறேன். மாற்றும் வேலை, மெனு, இறுவட்டுப் படிமம் (முழு இறுவட்டும் ஒரே கோப்பாக) எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவும்போது வேறு மென்பொருள் ஏதாவது சேர்ந்து வரப் பார்த்தால் அந்தக் கட்டத்தின் சரிக் குறியை எடுத்துவிடுங்கள். ‘இலவச மாற்றி’ என்று விளம்பரம் காட்டும் பல மென்பொருள்கள் முடிவில் படத்தின் நடுவே தங்கள் பெயரை அடித்துவிட்டு, அதை நீக்கப் பணம் கேட்கும். இணையத்தில் ஏற்றி மாற்றும் தளங்களும் வேண்டாம். டேட்டாவும் கரையும், வீட்டுப் பெண்பிள்ளைகளின் வீடியோ யாருடைய சேர்வரில் கிடக்கிறது என்பதும் தெரியாது.

புதிய திட்டம் தொடங்கும்போது கேட்கும் கேள்விகளுக்கு இப்படிப் பதில் கொடுங்கள். கொள்ளளவு 4.7 ஜிபி. வீடியோ முறை ‘பால்’ (PAL), அதாவது 720க்கு 576, விநாடிக்கு 25 ஃபிரேம். இலங்கையின் தொலைக்காட்சி முறை அதுதான். விகிதம் 16:9. பழைய கமராவில் எடுத்த சதுரப் படமென்றால் 4:3. ஒலி ஏசி3, 48 கிலோஹேர்ட்ஸ்.

கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பும் பிரதியென்றால் இந்த இடத்தில் நில்லுங்கள். அங்கே என்டிஎஸ்சி முறை, 720க்கு 480, விநாடிக்கு 29.97 ஃபிரேம். அங்குள்ள பல பிளேயர்கள் பால் இறுவட்டை ஏற்காது. லண்டனுக்கு என்றால் பால் சரி. டொரொண்டோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு அனுப்புவதைத் தனியாக என்டிஎஸ்சியில் செய்யுங்கள். தபால் செலவு கொடுத்து அனுப்பிய பிறகு அங்கே ஓடவில்லை என்று கேட்பதைவிட ஒரு மணித்தியாலம் கூடுதலாக மினக்கெடுவது மேல்.

அடுத்தது பிட்ரேட், அதாவது ஒவ்வொரு விநாடிக்கும் ஒதுக்கும் தரவின் அளவு. ஒரு இறுவட்டில் எவ்வளவு நேரம் போடலாம் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. கணக்கு எளிது. 4.7 ஜிபி என்பது 37,600 மெகாபிட். இரண்டு மணித்தியாலம் என்பது 7,200 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 5.2 மெகாபிட். அதில் ஒலிக்கு 0.2, பாதுகாப்புக்கு 0.2 கழித்தால் படத்துக்கு 4.8 மிஞ்சும். இது நல்ல தரம். ஒன்றரை மணித்தியாலம் என்றால் 6.5 கிடைக்கும். ஒரு மணித்தியாலத்துக்குக் கணக்குப்படி 10க்கு மேல் வரும், ஆனால் டிவிடி விதிப்படி படத்துக்கு 9.8தான் உச்சம். 8இல் நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் பழைய பிளேயர்கள் திக்கும். மூன்று மணித்தியாலத்தை ஒன்றில் திணித்தால் 3.1தான் மிஞ்சும். மணவறையில் ஆட்கள் அசையாமல் நிற்கும்போது தெரியாது. அரங்கேற்றத்தில் பிள்ளை தில்லானா ஆடத் தொடங்கியதும் கை கால் எல்லாம் கட்டம் கட்டமாக உடையும். டிவிடிஸ்டைலர் பிட்ரேட்டைத் தானாகவே குறைத்து எல்லாவற்றையும் அடக்கிவிடும் என்பதால் எச்சரிக்கை எதுவும் வராது. நீங்கள்தான் நேரத்தைக் கூட்டிப் பார்த்து இரண்டு இறுவட்டாகப் பிரிக்க வேண்டும்.

முன்பு அடிக்கோடிட்ட ‘வேரியபிள்’ கோப்புகளுக்கு வருவோம். அவற்றை நேரடியாகப் போட்டால் நேரம் போகப் போக உதடும் ஒலியும் விலகிக்கொண்டே போகும். முதலில் ஹான்ட்பிரேக் மென்பொருளில் திறந்து, ஃபிரேம் ரேட்டில் 25ஐத் தெரிந்தெடுத்து, ‘கொன்ஸ்டன்ட்’ என்பதை அழுத்தி எம்பி4 ஆக எடுங்கள். தர அளவுகோலை 16 முதல் 18க்குள் வையுங்கள். அதில் எண் குறைந்தால்தான் தரம் கூடும். பிறகு அந்தக் கோப்பை டிவிடிஸ்டைலருக்குக் கொடுங்கள். ஹான்ட்பிரேக் தனியாக டிவிடி செய்து தராது, ஆகவே அதில் அந்தத் தெரிவைத் தேட வேண்டாம்.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவற்றுக்கு இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். இழுத்து நிரப்பினால் மாப்பிள்ளை மூன்று மடங்கு அகலமாகத் தெரிவார்.

நேரத்தைப் பொறுத்தவரை, சாதாரண லப்டொப்பில் ஒன்றரை மணித்தியால வீடியோவுக்கு ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ ஒதுக்குங்கள். 4கே எச்.265 கோப்பென்றால் இன்னும் பல மடங்கு ஆகும். ஹார்ட்டிஸ்க்கில் 20 ஜிபி காலியாக இருக்கட்டும். லப்டொப் தானாகத் தூங்கப் போகும் அமைப்பை அணைத்துவிட்டு, சார்ஜரைச் செருகி, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கிவிட்டுப் படுக்கலாம். மின்சாரம் நின்றாலும் பற்றரி தாங்கும்.

கடைசிக் கட்டத்தில் ‘பேர்ன்’ என்பதை அழுத்தினால் மூன்று தெரிவுகள் வரும். நேரடியாக எழுதாமல் ஐஸோ படிமம் உருவாக்குவதைத் தெரிந்தெடுங்கள். அதை விஎல்சியில் திறந்து மெனு வேலை செய்கிறதா, ஒலி ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டால் இறுவட்டு வீணாகாது.

6. சேமிப்பு இறுவட்டு

மூலக் கோப்புகளை மாற்றாமல் எழுதுங்கள். 4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருப்பதைக் கணினி 4.37 என்று காட்டும். கடை ஏமாற்றவில்லை, எண்ணும் முறை வேறு. முழுவதையும் நிரப்பாமல் 4 ஜிபி அளவில் நிறுத்துங்கள். வெளி விளிம்பில்தான் கீறலும் பழுதும் முதலில் வரும்.

கோப்பு முறை கேட்டால் யூடிஎஃப் என்பதைத் தெரிந்தெடுங்கள். இறுவட்டை விட ஒரு கோப்பு பெரிதாக இருந்தால் 7-ஸிப் கொண்டு துண்டாக்காதீர்கள். ஒரு துண்டு பழுதானால் எல்லாமே போகும். லொஸ்லெஸ்கட் என்ற மென்பொருளில் திறந்து, மணவறை, தாலி கட்டு, விருந்து என்று நிகழ்ச்சியின் இடைவெளிகளில் வெட்டுங்கள். அது மறுபடி சுருக்காமல் வெட்டுவதால் தரம் குறையாது.

பெயர்களைத் திகதியில் தொடங்குங்கள். 2009-05-விஜ போன்ற குறுக்கெழுத்து இன்று உங்களுக்குப் புரியும், நாளை பிள்ளைக்குப் புரியாது. நிகழ்ச்சி, இடம், யாருடையது என்று முழுதாக எழுதுங்கள். கூடவே ஒரு சிறு உரைக் கோப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிப் போடுங்கள். இந்த விபரம் அம்மாவுக்கும் மாமாவுக்கும் இன்று வாய்ப்பாடமாக இருக்கும். அவர்களைப் பக்கத்தில் இருத்தி, படத்தை ஓடவிட்டுக் கேட்டு எழுதுவதுதான் இந்த முழு வேலையிலும் அவசரமானது.

7. எழுதுவது

விண்டோஸ் தானாக ஒரு கேள்வி கேட்கும்: யூஎஸ்பி பென்ட்ரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி/டிவிடி பிளேயருடன் பயன்படுத்தவா? இரண்டாவதைத் தெரிந்தெடுத்தால் வீட்டுப் பிளேயரில் ஓடும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அதுவும் கோப்பை வெறும் டேட்டாவாகத்தான் எழுதும், டிவிடி வீடியோவாக மாற்றாது. இரண்டையும் மூடிவிட்டு, இறுவட்டு எழுதும் மென்பொருளான இம்ஜ்பேர்னைத் திறவுங்கள். லினக்ஸில் பிரசேரோ அல்லது கே3பி போதும்.

ஐஸோ படிமத்தைத் தெரிந்தெடுத்து, வேகத்தை 4 அல்லது 8இல் வைத்து, ‘வெரிஃபை’ கட்டத்தில் சரிக் குறி இடுங்கள். முழு இறுவட்டு 8இல் சுமார் 8 நிமிடம், 4இல் சுமார் 15 நிமிடம் எடுக்கும், சரிபார்க்க ஏறக்குறைய அவ்வளவே இன்னொரு தடவை. அந்த நேரத்தில் லப்டொப்பை மேசையில் அப்படியே விடுங்கள்.

வெளியே எடுத்ததும் வீட்டுப் பிளேயரில் போட்டு, தொடக்கம், நடு, கடைசி ஐந்து நிமிடம் என்று மூன்று இடமும் பாருங்கள். ஒற்றை அடுக்கு இறுவட்டு உள்ளிருந்து வெளியே வாசிக்கப்படுவதால் பிழை பெரும்பாலும் கடைசியில்தான் தலைகாட்டும்.

8. ஸ்டூடியோவில் கொடுப்பதென்றால்

விஎச்எஸ், மினிடிவி நாடாக்களை வீட்டில் மாற்றக் கருவி இல்லாவிட்டால் ஸ்டூடியோவில்தான் கொடுக்க வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தெரிந்தவர்கள் செய்து திருப்தியான இடத்தை விசாரியுங்கள். கொடுக்கும்போது எத்தனை நாடா, ஒவ்வொன்றின் மேலும் என்ன எழுதியிருக்கிறது, எப்போது திருப்பித் தருவார்கள், மொத்தம் எவ்வளவு, முற்பணம் எவ்வளவு என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நாடாக்களைப் போனில் படமெடுத்து வையுங்கள்.

முக்கியமாக ஒன்று: டிவிடி மட்டும் போதும் என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் ஹார்ட்டிஸ்க்கைக் கொடுத்து, நாடாவில் இருந்து எடுத்த மூலக் கோப்பையே கேளுங்கள். மினிடிவி என்றால் அது மணித்தியாலத்துக்கு 13 ஜிபி அளவில் இருக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு 1 ஜிபி கோப்பைத் தந்தால் அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது, வாங்காமல் திருப்பிக் கேளுங்கள். நாடாக்கள் எல்லாம் எண்ணிக்கைப்படி கைக்கு வந்து, கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே மிச்சப் பணம்.

9. எழுதியதைக் காப்பது

மேற்பரப்பில் சிடி மார்க்கர் பேனையால் மட்டும் எழுதுங்கள். போல்பொயின்ற் பேனை கீறிவிடும். ஒட்டும் லேபிள் வேண்டவே வேண்டாம். கொழும்பின் வெக்கையில் பசை இளகி, சுழலும்போது ஒருபக்கம் பாரம் ஏறிவிடும்.

டிவிக்கு மேலேயோ யன்னலோரக் கண்ணாடி அலுமாரியிலோ வைக்காதீர்கள். கடினமான பெட்டியில் நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பொதி ஒன்றைச் சேர்த்து, வெயில் படாத உள்ளறை அலுமாரியில் வையுங்கள். ஒவ்வொரு சேமிப்பு இறுவட்டையும் இரண்டாக எழுதி, ஒன்றைத் தங்கச்சி வீட்டிலோ ஊர் வீட்டிலோ வையுங்கள். முடிந்தால் ஹார்ட்டிஸ்க்கிலும் ஒரு பிரதி. வருடத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கல் துப்புரவின்போது என்று வைத்துக்கொண்டாலும் சரி, எல்லாவற்றையும் கணினியில் போட்டு முழுக் கோப்பையும் கொப்பி செய்து பாருங்கள். எங்கேயாவது தயங்கினால், பழுது முற்றும்வரை காத்திருக்காமல் மற்றப் பிரதியில் இருந்து அன்றைக்கே புதிதாக ஒன்று எழுதுங்கள்.